நோக், இஃபே: நைஜீரிய நாட்டின் பழஞ்சிற்பங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நைஜீரிய நாட்டின் நடுப்பகுதியில் ஜோஸ் என்னும் பீடபூமி உள்ளது. வெள்ளீயம் மிகுந்த நிலம் அது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அங்கே ஆற்றுப் படுகைகளைத் தோண்டி வெள்ளீய மணலை அரித்தெடுத்து வந்தனர். 1943 ஆம் ஆண்டில் ஜெமா என்னும் ஊரருகே அத்தகைய சுரங்கமொன்றில் மண்ணால் செய்து சுட்ட மனிதத் தலையொன்று வெளிப்பட்டது. சுரங்கத்து எழுத்தர் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று, வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் பறவைகளை வெருட்டும் பொம்மையாக நிறுத்தி வைத்தார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அத்தலை அப்பணியைக் குறைவறச் செய்து வந்தது.

பின்னர் அது பெர்னார்டு ஃபாக் என்பவரிடம் வந்து சேர்ந்தது. நிருவாக அலுவலராயிருந்த அவர் கேம்பிரிட்ஜில் தொல்பொருளியல் பயின்றவர். 1928 ஆம் ஆண்டிலேயே நோக் என்னும் சிற்றூரில் சுடுமண் குரங்குத் தலையொன்று கிடைத்திருந்தது. இரண்டும் ஒரே மரபின என்று கண்ட ஃபாக், இத்தகைய துண்டுகள் அகப்பட்டால் எறிந்துவிடாது கொண்டுவருமாறு சுரங்கத் தொழிலாளரை வேண்டிக்கொண்டார். நாளடைவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உருவங்கள் சேர்ந்தன. 1952-ல் ஜோஸ் நகரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குரங்குத் தலை கிடைத்த சிற்றூரின் பெயரே அப்பழம் பண்பாட்டிற்கும் பெயராயிற்று. அம்மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனரோ, அப்பெயர் மண்ணோடு போயிற்று.

இத்தலைகளை ஒருமுறை கண்டவர் பிறிதொன்றாக மயங்கமாட்டார். கண்கள் முக்கோண வடிவின. கண்மணியின் இடத்தில் ஆழ்ந்த துளை. மூக்கிலும் வாயிலும் செவியிலும் அவ்வாறே துளைகள். கூந்தலைக் கொண்டை கொண்டையாக முடிந்திருக்கும் நேர்த்தியைச் சிற்பி ஒவ்வோர் இழையாகக் காட்டியிருக்கிறான். கழுத்திலும் கையிலும் மணிமாலைகள் அடுக்கடுக்காகத் திகழ்கின்றன. உள்ளே வெற்றிடமாக வனைந்த இவ்வுருவங்களிற் சில ஆளுயரத்தை நெருங்குவன. இவற்றின் காலம் பெரும்பாலும் கி.மு. 900 முதல் 400 வரை எனக் கணித்துள்ளனர். அம்மக்கள் இரும்பும் உருக்கினர். 1960-களில் தாருகா என்னுமிடத்தில் ஃபாக் அகழ்ந்தபோது இரும்புலைகள் பல வெளிப்பட்டன. செம்புக் காலம் என ஒன்று இடையே இன்றிக் கற்கருவியிலிருந்து நேரே இரும்புக்கு வந்தவர்கள் அவர்கள் என்பது அறிஞர் கருத்து.

இனி, நோக்கிலிருந்து தென்மேற்கே நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இஃபே நகருக்குச் செல்வோம். யோருபா மக்களுக்கு உலகம் தோன்றிய இடமே அதுதான். எங்கும் நீராயிருந்த காலத்தில் ஒடுதுவா என்னும் முன்னோன் வானிலிருந்து சங்கிலி பற்றி இறங்கி ஒரு பிடி மண்ணைத் தூவினானாம். ஐந்து விரற் சேவலொன்று அதனைக் கிளறிப் பரப்பிற்றாம். அவ்வாறு பரந்ததே நிலமாயிற்றாம்.

1938-ல் இஃபே அரசரான ஊனியின் அரண்மனையை அடுத்த வளவில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது, உலோகத்தால் வார்த்த தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பெரும்பாலும் பித்தளை, ஏறக்குறைய உயிருள்ள மனிதரின் தலையளவு. கி.பி. 12 முதல் 15 வரையுள்ள நூற்றாண்டுகளுக்கு உரியவை. முகம் முழுதும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. உதட்டில் அமைதி குடிகொண்டிருக்கிறது. மெழுகு வார்ப்பு முறையில் செய்த இவற்றோடு, ஏறத்தாழத் தனிச் செம்பினாலேயே வார்த்தனவும் இஃபேயில் உள்ளன. தனிச் செம்பு உருகுங்கால் காற்றை உட்கொண்டு குமிழியிடும். அச்சின் நுண்ணிய இடுக்குகளில் எளிதில் ஓடாது. அதனாலன்றோ வார்ப்போர் பிற உலோகம் கலப்பது! அவ்விடர்ப்பாட்டையும் வென்ற கைகள் அவை.

ஏன் இவ்வளவு தலைகள்? யோருபா மொழியில் தலைக்கு ‘ஓரி’ என்று பெயர். ஆயின் அச்சொல் உடலின் ஓர் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் ‘தலையெழுத்து’ என்று பெயர்த்தால் ஓரளவு நெருங்கி வரும். ஆனால் நம் தலையெழுத்தைப் பிரமன் எழுதிவிடுகிறான். யோருபா மகனோ பிறக்குமுன் வானுலகில் தன் ஓரியைத் தானே தெரிந்தெடுத்துக்கொண்டு வருகிறான். இஃபேயின் முழு உருவங்களில் தலை மொத்த உயரத்தில் நாலிலொரு பங்காய் அமைந்ததும் இதனாலேயே எனலாம்.

இத்தகைய கலையை ஆப்பிரிக்கர் செய்திருக்க முடியும் என்பதை ஏற்க மேனாட்டார் சிலருக்கு மனம் வரவில்லை. 1910-ல் இஃபேக்கு வந்த ஜெர்மானியர் லியோ ஃபிரோபீனியஸ், அங்கே கண்ட சிற்பங்களைக் கடலுள் மூழ்கிய அட்லாண்டிஸ் நாட்டு நாகரிகத்தின் எச்சமெனக் கொண்டார். யோருபா மக்களின் கடல் தெய்வமான ஒலோகுன் கிரேக்கரின் கடல் தெய்வமே என்றும் எழுதினார். கண்ணெதிரே நின்ற யோருபா மக்களின் முன்னோர் அவர் கருத்தில் தோன்றவே இல்லை. நோக் மண்ணில் கிடைத்தவை, கிரேக்கம் தழைத்த அதே நூற்றாண்டுகளில் அந்நாட்டிலேயே சிற்பக்கலை வளர்ந்திருந்தமையைக் காட்டிவிட்டன.

அங்ஙனமாயின் நோக் மரபே வளர்ந்து இஃபே மரபாயிற்றோ? பெரிய தலை, மணிமாலைகள், ஆளளவுக்கு வனையும் துணிவு ஆகியவை இரண்டிற்கும் பொதுவாக உள்ளமையால் அறிஞர் சிலர் அவ்வாறு கருதினர். ஆயினும் இடையே ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி நிற்கிறது. கண்களோ முற்றிலும் வேறு வகையின. உறவு உண்டென்று நிலைநாட்டச் சான்று இன்னும் போதாது என்பதே நம் எண்ணம்.

அச்சான்று மண்ணில்தான் இருத்தல் வேண்டும். அங்கேதான் கேடு நிகழ்ந்தது. ஐரோப்பியச் சந்தையில் நோக் சிற்பங்களின் விலை ஏற ஏற, 1990-களில் ஊர் ஊராகக் கூலிக்கு ஆள் பிடித்துக் கள்ளத்தனமாகத் தோண்டினர். பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்திற்கென 1998-ல் வாங்கிய நோக் சிற்பங்களும் அவ்வாறு நைஜீரியாவை விட்டு வெளியேறியவையே. 2002-ல் அவை நைஜீரியாவின் உடைமை என ஒப்புக்கொண்டு, கடனாக வைத்துக்கொள்ள உடன்படிக்கை செய்தனர். நல்ல மனத்தோடு திருப்பியவரும் உண்டு. 1938-ல் இஃபே தலைகளில் இரண்டை வாங்கிச் சென்ற அமெரிக்க மானிடவியலறிஞர் வில்லியம் பாஸ்கம் 1950-ல் அவற்றைத் திருப்பி அளித்தார். ஆயின், தோண்டிய குழியின் செய்தியை யார் திருப்பித் தர இயலும்? வாக்கியத்திலிருந்து பிடுங்கிய சொல்லுக்கு எப்பொருளை எழுதுவதென்று நாம் பலகால் திகைத்ததுண்டு. இடமறியாத் தலையும் அத்தகையதே.

கலையாத குழி எவ்வளவு பேசும் என்பதை, 2005 முதல் அங்கு ஆய்வு நடத்திய பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தார் காட்டினர். சிற்பங்கள் பல தாமே உடைந்தவையல்ல. வேண்டுமென்றே உடைத்து இட்டவை என்றும், அவற்றின் அருகே கல்லடுக்கிய கல்லறைகள் இருந்தன என்றும் அவர்கள் கண்டனர். உடைந்த பானையோடுகளையும் விடாது சேர்த்தனர். எந்த வணிகனும் விலை கொடாத ஓடுகள் அவை. அவற்றில் ஊறியிருந்ததை ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டபோது, மூன்றில் ஒரு பங்கு ஓடுகளில் தேன்மெழுகின் சுவடு இருந்தது தெரிந்தது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன்பே அப்பானைகளில் தேனடை ஏறியிருக்கிறது.