மன்னார்ப் பெருக்க மரமும் சோனின்கே மக்களும்

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைப் பார்க்காது திரும்பும் பயணிகள் குறைவு. அதனை நட்டவர் யாரென வினவினால், ஒட்டகத் தீனிக்காக அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்ற விடையே கிடைக்கும். அவ்விடையில் அராபியர் உளர், ஒட்டகமும் உண்டு. மரத்தின் தாயகமான ஆபிரிக்காவின் மக்களைத்தான் காணவில்லை.

அம்மக்களுள் ஓர் இனத்தை நமக்கு அறிமுகஞ் செய்யத் தக்கவர், நமது கரைக்கும் வந்துபோன ஒருவரே. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, மன்னார்க் கடலின் முத்துகளைக் காட்டி, இவைபோன்றவற்றைக் கண்டதுண்டோ எனக் கேட்டதாக அவரது பயண நூல் கூறும். இப்பகுதியை நம்மவர் பலமுறை எடுத்தாண்டுள்ளனர். அவரது கடைசிப் பெரும் பயணத்தையோ நாம் புரட்டிப் பார்த்ததில்லை.

1352இல் அவர் சகாராப் பாலைவனத்தைக் கடந்து, இன்றைய மொரித்தானியாவிலுள்ள வலாத்தாவை அடைந்தார். அது சோனின்கே மக்களின் பழைய வணிக உலகம். அவர்கள் ‘வகாது’ என்றழைத்த பேரரசையே அராபியர் ‘கானா’ என்றனர். 1957இல் சுதந்திரமடைந்த இன்றைய கானா அப்பெயரை இரவல் பெற்றதே. அதன் நிலம் வேறு. வகாதுவின் செல்வம் தெற்கேயிருந்து வந்த பொன்னாலும் வடக்கேயிருந்து வந்த உப்பாலும் விளைந்தது. ஒரு கழுதைப்பொதி உப்பு நாட்டினுள் வந்தால் ஒரு பொற்காசும், வெளியே சென்றால் இரண்டும் மன்னனுக்கு வரி என 1068இல் அல்பக்ரி எழுதினார். உப்பளம் கண்ட மன்னார் மக்களுக்கு இக்கணக்கு வியப்பூட்டும்.

வலாத்தாவிலிருந்து மாலி நோக்கிச் செல்லும் வழியில் இப்னு பதூதா பெருமரங்களைக் கண்டார். ஒரு வணிகக் கூட்டமே அவற்றின் நிழலில் தங்கலாமாம். சிலவற்றின் பொந்துகளில் மழைநீர் தேங்கி வழிப்போக்கரின் தாகந் தீர்த்தது. சிலவற்றில் தேன் இருந்தது. ஒன்றினுள்ளே நெசவாளர் ஒருவர் தறியமைத்து நெய்துகொண்டிருந்தார்! இவ்வர்ணனை பெருக்க மரத்துக்கே பொருந்துமென்பது ஆய்வாளர் கருத்து.

சோனின்கேயரே மன்னாருக்கு விதை கொணர்ந்தனர் என நான் வாதிடவில்லை. அவர்கள் வாழ்வது மேற்குக் கோடியில். நமது கடலோடு நெருங்கிய உறவு பூண்டது கிழக்காபிரிக்கக் கரை. இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்க மரங்கள் ஒரே தடவையில் அன்றி, நெடுங்காலமாகப் பல தடவைகளில் வந்து சேர்ந்தவை என 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டியது. வணிகரோடு ஆபிரிக்க மாலுமிகளும் அடிமைகளும் படைவீரரும் இக்கடலைக் கடந்துள்ளனர். அவர்களுள் எவரது மடியிலும் விதை இருந்திருக்கலாம். ஆயினும் நமது கதை அராபியரோடு நின்றுவிடுகிறது.

போர்த்துக்கேயர் முதலாக ஆங்கிலேயர் ஈறாக இத்தீவுக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள், புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் தம் முன்னோரின் பாட்டோடும் தாளத்தோடும் வாழ்கின்றனர். பள்ளிமுனையிலிருந்து அவ்வூர் ஒருநாட் பயணத் தொலைவுகூட இல்லை.