கோவை குற்றாலமும் சிறுவாணியும்: முப்பது வருடம் கழித்து ஒரு திருத்தம்



போன ஞாயிற்றுக்கிழமை மகள் குடும்பத்தோடு கோவை குற்றாலம் போய்வந்தேன். நகரத்திலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். சாடிவயல் சோதனைச்சாவடியில் நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து வனத்துறை வேனில் கொஞ்ச தூரம், பிறகு காட்டுக்குள் நடை. முட்டிவலிக்காரனான நானே நடந்துவிட்டேன் என்றால் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்திருப்பதால் காடு முழுக்கப் பச்சை. அருவிச் சத்தம் தூரத்திலேயே கேட்டது.

அருவியைப் பார்த்ததும் பேத்தி கேட்டாள்: "அப்புச்சி, இதுதான் நம்ம வீட்டுக் குழாயில வர்ற சிறுவாணித் தண்ணியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1994இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இதே இடத்துக்குக் கூட்டி வந்தபோது ஒரு பையன், "இந்தத் தண்ணிதான் எங்க ஊட்டுக் கொழாயில வருதுங்களா சார்?" என்று கேட்டான். "ஆமாம் கண்ணு" என்றேன். மறுநாள் கரும்பலகையிலும் எழுதிப்போட்டேன். அது தப்பு. 'சிறுவாணி அருவி' என்று ஊரே சொல்வதைக் கேட்டு நானும் சொல்லிவிட்டேன்.

சரியான விவரம் இதுதான். நம் மேற்கு மலை ஒரு வீட்டுக் கூரை மாதிரி. கிழக்குச் சரிவில் விழும் மழை கோவை குற்றாலம் வழியாக நொய்யலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர்தான் சித்திரைச்சாவடி அணைக்கட்டு, வாய்க்கால்கள், நம் ஊர்க் குளங்கள் என்று வரும். மேற்குச் சரிவில் பிறக்கும் சிறுவாணி ஆறோ கேரளத்தின் அட்டப்பாடியில் பவானியோடு கலந்து, அதன் பிறகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஆகவே சிறுவாணித் தண்ணீர் தானாக நம் ஊருக்கு வரவில்லை. மலையைக் குடைந்து கொண்டுவரப்பட்டது.

1866இல் கோவை நகராட்சி உருவானது. குளமும் கிணறும் வற்றினால் அன்று ஊர் தவித்தது. 'கோயமுத்தூர் கலாநிதி' இதழை நடத்திய சே.ப. நரசிம்மலு நாயுடு, 1880களின் இறுதியில் மலையேறிப் போய் முத்திக்குளம் பக்கத்து நீரைப் பார்த்துவிட்டு, அதைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று வாதாடினார். செலவு அதிகம் என்று காரியம் தள்ளிப்போனது. அவர் 1922இல் காலமானார். அதுவரை ஒரு குடம் சிறுவாணி கூட ஊருக்கு வரவில்லை. பிறகு நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில் திட்டம் கைகூடி, 1930ஐ ஒட்டித் தண்ணீர் வந்தது. ஆர்.எஸ். புரம் அவர் பெயரில் அமைந்ததுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று பாலக்காட்டுப் பகுதி மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபாரும் கோவையும் ஒரே சென்னை மாகாணம். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஊற்று கேரளத்துக்கும் குழாய் தமிழ்நாட்டுக்கும் போயின. 1973இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன: ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. தண்ணீர் கோவைக்கு. தமிழ்நாட்டின் பணத்தில் கேரளம் கட்டிய இன்றைய அணை 1984இல் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கிருந்து சுரங்க வழியாக, மோட்டார் இல்லாமல் சரிவிலேயே தண்ணீர் இறங்கி வந்து, அடிவாரத்தில் சுத்திகரிக்கப்பட்டு நமக்கு வருகிறது. ஒவ்வொரு கோடையிலும் அணை மட்டம் இறங்கும் செய்தியைப் பேப்பரில் பார்க்கும்போது இந்தக் கதை முழுவதும் நினைவில் இருக்க வேண்டும். பக்கத்து மாநிலத்துக் காடும் அங்குள்ள மக்களின் ஒத்துழைப்பும் இருந்தால்தான் நம் குடம் நிறையும்.

பேத்தியிடம் இதைச் சொன்னதும், "அப்போ ரெண்டு தண்ணியும் சேரவே சேராதா?" என்றாள். சேரும். பவானி ஆறு பவானி ஊரில் காவிரியைச் சேர்கிறது. நொய்யல் அதற்குக் கீழே கரூர் மாவட்டத்தில் சேர்கிறது. ஒரே மலை முகட்டில் பிரிந்த இரண்டு துளிகள் காவிரியில் சந்தித்துக்கொள்கின்றன.

அன்று கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அப்பா, நீ இதைப் படித்தால் வாத்தியாரை மன்னித்துவிடு. உன் பிள்ளைக்குச் சரியானதைச் சொல்லிக்கொடு.

மழை விட்டதும் குடும்பத்தோடு ஒருமுறை போய்வாருங்கள். வெள்ளம் கூடினால் வனத்துறை அருவியை மூடிவிடும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். அது யானைகளின் வீடு, நாம் விருந்தாளிகள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்