அணு அரசியல் – 17: சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட இயற்பியலாளர்

பாக்தாத் நகருக்குத் தென்கிழக்கே, துவைதா ஆய்வு வளாகத்தில் பிரான்சு கட்டிக்கொண்டிருந்த ஓசிராக் அணு உலை 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலிய விமானங்களால் தகர்க்கப்பட்டதையும், அதற்கு முன்பே துலோன் துறைமுகத்தை ஒட்டிய தொழிற்கூடத்தில் அதன் பாகங்கள் வெடிவைத்துச் சிதைக்கப்பட்டதையும், 1980 செப்டம்பரில் ஈரானின் பாண்டம் விமானங்கள் அதே வளாகத்தை அரைகுறையாகத் தாக்கிவிட்டுத் திரும்பியதையும் வாசகர்கள் அறிவர். எட்டு எஃப்-16 விமானங்கள் வீசிய 16 குண்டுகளின் குறிதவறாமையைப் போர்க்கலை நூல்கள் இன்றளவும் வியந்து பேசுகின்றன. வியப்புக்குரியதுதான். ஆயினும், ஒரு நாட்டின் அணு ஆயுத முயற்சியை வான்தாக்குதலால் நிரந்தரமாக முடித்துவைக்க இயலுமா என்று கேட்போர் அந்த மாலையோடு நின்றுவிடாமல், மூன்று மாதங்களுக்குப்பின் அதே நகரில் ஒருவர் காவலிலிருந்து விடுவிக்கப்பட்ட நிகழ்வையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவர் பெயர் ஜாஃபர் தியா ஜாஃபர். மன்னராட்சிக் காலத்தில் அமைச்சராக இருந்த ஒருவரின் மகனாகப் பிறந்து, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் பணியாற்றி, 1970களின் நடுவில் தாயகம் திரும்பியவர். 1979 டிசம்பரில், துவைதாவின் மற்றொரு தலைசிறந்த விஞ்ஞானியான ஹுசைன் அல் ஷஹ்ரிஸ்தானி கைது செய்யப்பட்டபோது, நண்பருக்காகப் பரிந்து பேசியதற்காகவே ஜாஃபரும் காவலில் அடைக்கப்பட்டார். ஆட்சியாளர்கள் இருவரிடமும் கேட்டது ஒன்றுதான்: அணு ஆயுதம் செய்து தர வேண்டும். சித்திரவதைக்குப் பின்னும் ஷஹ்ரிஸ்தானி மறுத்தார். அதன் விலையாக ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளைச் சிறையில், அதில் பெரும்பகுதியைத் தனிமைக் கொட்டடியில் கழித்து, 1991 வளைகுடாப் போரின் குழப்பத்தில் தப்பி வெளியேறினார். இந்தத் தொடரில் இதுவரை வந்துபோன அமைச்சர்கள், தளபதிகள், விமானிகள் எவரையும்விட, வீரன் என்ற பெயர் இந்த மனிதருக்கே பொருந்தும். ஜாஃபரோ இசைந்தார். 1981 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டு, யுரேனியம் செறிவூட்டும் இரகசியத் திட்டத்தின் தலைவரானார். அவரை வில்லன் என்று எழுதிவிடுவது எளிது. தன்னைச் சிறையிட்டவனுக்கே ஆயுதம் செய்யத் துணிந்த அந்த அறிவாளியின் உள்ளம் அவ்வளவு எளிதாக வகைப்படுவதன்று.

செறிவூட்டல் என்பதை இங்கே விளக்குவது அவசியம். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் அணுப்பிளவுக்கு உகந்த யுரேனியம்-235 ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு; எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. குண்டு செய்ய முந்தையதன் விகிதத்தை 90 விழுக்காட்டை ஒட்டி உயர்த்த வேண்டும். வேதியியல் முறையில் பிரிக்க இயலாதபடி இரண்டும் ஒரே தன்மையுடையவை. வேறுபாடு எடையில் மட்டுமே. ஜாஃபர் தேர்ந்தெடுத்த வழி மின்காந்தப் பிரிப்பு. யுரேனியச் சேர்மத்தை ஆவியாக்கி, மின்னூட்டம் பெற்ற துகள்களாக்கி, வலிமைமிக்க காந்தப் புலத்தின் ஊடே செலுத்தினால், இலேசான துகள் சற்றே குறுகிய வளைவிலும் கனமான துகள் சற்றே அகன்ற வளைவிலும் செல்லும். வளைவுகளின் முடிவில் தனித்தனிக் கலன்களை வைத்து அவற்றைச் சேகரிக்கலாம். கலுட்ரான் எனப்படும் இந்தக் கருவியை எர்னஸ்ட் லாரன்ஸ் கலிபோர்னியாவில் வடிவமைத்தார். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் யுரேனியம் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆலையில் இதனைக் கொண்டே செறிவூட்டி முடிக்கப்பட்டது. அந்த ஆலையைக் கட்டியபோது போர்க்காலத் தாமிரத் தட்டுப்பாட்டால் காந்தச் சுருள்களுக்குக் கம்பி கிடைக்காமற்போக, அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேற்பட்ட வெள்ளியைக் கடனாகப் பெற்றுச் சுருள்களாக்கினர் என்பதும், போருக்குப்பின் அது ஏறத்தாழ முழுவதும் திருப்பித் தரப்பட்டது என்பதும் அறிவியல் வரலாற்றின் சுவைமிகு செய்திகள்.

மின்சாரத்தை விழுங்கும் இந்த முறையை அணு ஆயுத நாடுகள் போருக்குப்பின் பழமையானது என்று ஒதுக்கிவிட்டன. அது குறித்த ஆவணங்கள் பலவும் இரகசியம் நீக்கப்பட்டு நூலகங்களுக்கு வந்துவிட்டன. ஜாஃபரின் கூர்மை இங்கேதான் வெளிப்படுகிறது. பிரான்சிடமிருந்து உலை வாங்கினால் உலகம் முழுவதற்கும் தெரியும். காந்தங்களைச் சொந்தத் தொழிற்கூடங்களில் செய்துகொண்டால் எவருக்கும் தெரியாது. எல்லோரும் கைவிட்ட முறையை எவரும் தேடப்போவதில்லை. 'பெட்ரோகெமிக்கல் திட்டம் 3' என்ற போர்வையில், பாக்தாதுக்கு வடக்கே தார்மியாவிலும், பின்னர் அஷ் ஷர்காத்திலும் ஆலைகள் எழுந்தன. குண்டை வடிவமைக்க அல் அதீர் என்னுமிடத்தில் தனி வளாகம் கட்டப்பட்டது. சில நூறு பேருடன் இயங்கிய அமைப்பு பல ஆயிரம் பேர் கொண்டதாக வளர்ந்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் இந்த ஆண்டுகள் முழுவதும் துவைதாவுக்கு முறையாக வந்து, ஈராக் அறிவித்திருந்த கட்டடங்களை மட்டும் பார்வையிட்டுத் திரும்பினர். அடுத்த கட்டடத்தின் கதவைத் திறக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அப்படியானால் 1981 தாக்குதல் சாதித்தது என்ன? அந்த உலை இயங்கியிருந்தால் அதில் புளூட்டோனியம் எடுத்து ஈராக் விரைவிலேயே குண்டு செய்திருக்கும் என்பது இஸ்ரேலிய வாதம். 1991 போருக்குப்பின் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் டிக் செனி, தாக்குதலின்போது இஸ்ரேலிய விமானப்படைத் தலைவராக இருந்த டேவிட் இவ்ரிக்கு, சிதைந்த உலையின் செயற்கைக்கோள் படத்தை நன்றியுடன் பரிசளித்தார். மாறாக, 1982 டிசம்பரில் துவைதாவை நேரில் பார்வையிட்ட ஹார்வர்டு இயற்பியலாளர் ரிச்சர்டு வில்சன், அந்த உலையின் அமைப்பு புளூட்டோனியம் எடுப்பதற்கு ஏற்றதன்று என்ற முடிவுக்கு வந்தார். ஈராக்கியர்களையே நேர்கண்டு ஆராய்ந்த நார்வே நாட்டு அறிஞர் மால்ஃப்ரிட் பிரௌட்-ஹெகம்மர், 1981க்கு முன் குறிக்கோள் தெளிவின்றித் தள்ளாடிய திட்டம் அதன்பின்னரே தீவிரம் பெற்றது என்று காட்டுகிறார். பிந்தைய இருவரின் பக்கமே சான்றுகள் சாய்கின்றன. இஸ்ரேலியப் பிரதமர் மெனாகெம் பெகின் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில் தகர்த்தது பிரெஞ்சுப் பொறியாளர்கள் உடனிருந்து பார்த்துக்கொண்டிருந்த உலையை; அதன் இடத்தில் வந்தது எவரும் பார்க்க முடியாத திட்டம். எண்ணெயையும் ஆயுத விற்பனையையும் மனத்தில் கொண்டு, 93 விழுக்காடு செறிவூட்டிய எரிபொருளோடு உலையை விற்க முன்வந்த பிரெஞ்சுப் பிரதமர் ழாக் சிராக்கின் அரசும் இதில் குற்றமற்றதன்று.

1991 ஜனவரியில், 1981இல் வந்ததைப்போலப் பன்மடங்கு வலிமையுள்ள, அமெரிக்கா தலைமையிலான விமானப்படை வந்தது. போர் தொடங்கியபோது தாக்க வேண்டியவற்றின் பட்டியலில் இருந்த அணு நிலையங்கள் இரண்டே. போருக்குப்பின் ஆய்வாளர்கள் கண்டறிந்தவையோ இருபதுக்கும் மேல். பல வாரக் குண்டுவீச்சுக்குப் பின்னும் கலுட்ரான் காந்தங்கள் எஞ்சியிருந்தன என்பதற்கு, அந்த ஜூன் மாதத்தில் அவற்றை ஏற்றிக்கொண்டு ஓடிய லாரிகளை, தலைக்கு மேல் துப்பாக்கிக் குண்டுகள் பறக்க, முகமை ஆய்வாளர் டேவிட் கேயின் குழு படமெடுத்ததே சான்று. அல் அதீர் 1992இல் ஆய்வாளர்களின் கண்காணிப்பில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது; எஞ்சியிருந்த உயர்செறிவு யுரேனியம் 1994 பிப்ரவரிக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. தோற்ற நாடு என்பதாலேயே ஈராக் அவர்களை உள்ளே விட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் போர் கதவைத் திறந்ததேயன்றி, வேலையை முடித்தவர்கள் பேனாவும் கேமராவும் ஏந்தி வந்தவர்கள். சிரியாவின் அல் கிபர் உலை 2007இல் ஒரே இரவில் தகர்க்கப்பட்டு மீண்டும் எழவில்லை என்று சிலர் எதிர்வாதம் கூறுவர். அங்கே வட கொரிய உதவியின்றிக் கட்டும் ஆற்றல் கொண்ட ஒரு ஜாஃபர் இல்லை, சில ஆண்டுகளில் நாடே உள்நாட்டுப் போரில் சிதறியது. ஈரானில் 2025 ஜூனில் ஃபோர்தோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் தாக்கப்பட்டபின், 60 விழுக்காடு செறிவூட்டிய 400 கிலோவுக்கு மேற்பட்ட யுரேனியம் எங்கே என்பதை முகமையால் உறுதிசெய்ய இயலாமற்போனது.

ஜாஃபர் 2003 போரின்போது ஈராக்கைவிட்டு வெளியேறி, 1991க்குப்பின் தம் நாட்டில் அணு ஆயுதத் திட்டம் எதுவும் இருந்ததில்லை என்று கூறினார். அமெரிக்கா அனுப்பிய ஈராக் ஆய்வுக் குழு நாடு முழுவதும் தேடியபின் 2004இல் அளித்த அறிக்கை அதையே உறுதிசெய்தது. இந்த வாரம் சொல்லப்பட வேண்டியிருந்த திருப்பம், அதாவது 1991 செப்டம்பரில் பாக்தாத் கார் நிறுத்துமிடம் ஒன்றில் இரகசிய ஆவணங்களோடு ஆய்வாளர்கள் நான்கு நாள் முற்றுகையிடப்பட்டது, அடுத்த இதழில் இடம்பெறும்.