கருத்தடையும் கணவர் கையெழுத்தும்

கருத்தடை தமிழ்நாட்டில் பொதுப் பேச்சுக்கு வந்தது 1920களின் கடைசியில். சென்னையில் நியோ-மால்தூசியன் சங்கம் அமைத்த நீதிபதிகளுக்கும் கனவான்களுக்கும் அது ஜனத்தொகைக் கணக்கு. ஏழைகள் பெருகுகிறார்களே என்ற கவலை. 1930இல் ‘குடிஅரசு’ இதழில் பெரியார் எழுதியபோது இந்தக் கணக்கைத் தள்ளி வைத்தார். நாட்டின் வறுமைக்காகவோ தாயின் உடல்நலத்துக்காகவோ அல்ல, பெண் விடுதலை பெறுவதற்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்பது அவர் வாதம். 1935 டிசம்பரில் வார்தாவில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தவர் மார்கரெட் சாங்கரைச் சந்தித்த காந்தி செயற்கை முறைகளை ஏற்கவில்லை. கணவனை மறுக்க மனைவி கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மறுத்தபின் அவள் எந்த வீட்டில் இருப்பாள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அரசு எடுத்துக்கொண்டது சங்கத்தின் கணக்கைத்தான். 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஆள் பிடித்து வந்தவருக்கும் கூலி உண்டு. அன்று பெரும்பாலும் ஆண்களே வந்தார்கள். நெருக்கடி நிலைக்காலக் கட்டாயத்தால் ஆண்களுக்கான ஆபரேஷனான வாசெக்டமிக்குக் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு, சுமை பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

முன்பு தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த மரக்காணம் போன்ற உப்பள ஊரில், யார் ஆபரேஷன் செய்துகொள்வது என்பது வயிற்றுப்பாட்டையும் தொடும். உப்பளத்தில் பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக வரப்பு வழியே கரைக்குக் கொண்டுபோய்க் குவிப்பதில் பெண்களின் பங்கு பெரிது. வேலை வெயில் மாதங்களில்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும். கருக்குழாய் கட்டிக்கொண்ட பெண் பல நாள் பாரம் தூக்கக் கூடாது, உப்புப் பருவத்தில் செய்துகொண்டால் அத்தனை நாள் கூலியும் போகும். ஆணுக்குச் செய்வது சிறு கீறல், சில நாளில் வேலைக்குத் திரும்பலாம். யார் செய்துகொள்வது என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும்.

காந்தி சொன்ன மறுப்பு விஷயத்தில் சட்டம் இன்னும் பின்தங்கியிருந்தது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் வன்புணர்வுக் குற்றத்தில் மனைவியின் மறுப்பைக் கணக்கில் எடுக்கவில்லை; பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவிக்கு மட்டுமே பாதுகாப்பு. 1891இல் அது பன்னிரண்டாயிற்று. பதினெட்டை எட்ட 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. வயது வந்த மனைவியை வற்புறுத்தும் கணவனுக்கு விலக்கு இன்றும் நீடிக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதை அப்படியே வைத்திருக்கிறது.

கருத்தடையை மறைப்பது பற்றி உச்ச நீதிமன்றம் பேசியது 2007இல், சமர் கோஷ் விவாகரத்து வழக்கில். மருத்துவக் காரணமின்றி, துணைக்குத் தெரியாமல் கணவன் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டாலும், மனைவி கருத்தடையோ கருக்கலைப்போ செய்துகொண்டாலும் மனரீதியான கொடுமையாகலாம் என்றது. (மனைவியின் ஆபரேஷனையும் தீர்ப்பு ‘வாசெக்டமி’ என்றே சொல்கிறது, பேனா சறுக்கிய இடம்.) மேலுக்கு இது சமநீதி. ஆனால் கணவனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லித் தண்டனைச் சட்டத்தின் துணையைப் பெற முடியாத மனைவி ஒளித்துச் செய்வதும், அந்த நெருக்கடி இல்லாத கணவன் ஒளித்துச் செய்வதும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல.

கையெழுத்து விஷயத்தில் சட்டம் மருத்துவமனைகளைவிடத் தாராளமானது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் வயது வந்த பெண்ணின் சம்மதமே போதும். கருத்தடை ஆபரேஷனுக்குத் துணையின் சம்மதம் தேவையில்லை என்று 2006ஆம் ஆண்டு மத்திய அரசு நெறிமுறையும் சொல்கிறது. இருந்தும் ‘வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும்’ என்ற பேச்சு ஓயவில்லை. சட்டத்தில் இல்லாத இப்படிப்பட்ட நிபந்தனைகளை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கணவனின் வற்புறுத்தலால் உண்டான கர்ப்பத்தையும், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, வன்புணர்வால் வந்ததாகவே கொள்ளலாம் என்று அதே தீர்ப்பு கூறியது. கர்ப்பத்தைக் கலைக்க அது வழி விட்டது. கணவன்மீது வழக்குத் தொடர அல்ல.