விரல் நுனியில் மலர்ந்து ஐந்து நகரம் போன பூ

ஓவியர் டேவிட் ஹாக்னி 1971இல் ஜப்பான் போய்விட்டு லண்டன் திரும்பினார். அடுத்த ஆண்டு அவர் வரைந்த ‘ஃபியூஜி மலையும் பூக்களும்’ ஓவியத்தில், நீல மலைக்கு முன்னால் மூங்கில் குவளையில் நார்சிசஸ் நிற்கிறது. மலையை ஒரு தபால் அட்டையைப் பார்த்து வரைந்தார். பூவை, மலர் அலங்காரம் சொல்லித்தரும் கையேட்டைப் பார்த்து. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இன்று இருக்கும் அந்தப் படம் உருவானபோது நிஜப் பூ எதுவும் அவர் எதிரில் இல்லை. ஹாக்னியின் பூ அங்கிருந்துதான் வெகுதூரம் நடந்தது.

அந்தக் காலத்தில் அவர் படங்களில் பூவுக்குத் துணை வேடம்தான். 1970-71இல் வரைந்த கிளார்க் தம்பதியர் ஓவியத்தில் ஓரமாக ஒரு ஜாடி லில்லி. 1977இல் பெற்றோரை வரைந்தபோது நடுவில் டியூலிப். இரண்டிலும் ஆட்களைப் பார்த்து முடித்த பிறகுதான் கண் பூவுக்கு வரும். 1990களின் நடுவில், ஹேக் நகரில் வெர்மீர் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து எண்ணெய் வண்ணத்தில் பூக்களை மட்டுமே வைத்தும் வரைந்தார். நல்ல படங்கள். ஆனால் மரபான ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள் ஓவிய) எல்லையை அவை தாண்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தாண்டியது 2009இல். இங்கிலாந்தின் யார்க்ஷர் கடற்கரையில் பிரிட்லிங்டன் என்ற சிற்றூரில் அப்போது இருந்தார். வயது எழுபதைக் கடந்துவிட்டது. கையில் ஐபோன், அதில் ‘பிரஷஸ்’ என்ற செயலி. விடிவதற்கு முன் கட்டிலில் படுத்தபடியே, ஜன்னலோரத்து ஜாடியைக் கட்டைவிரலால் வரைய ஆரம்பித்தார். விளக்குப் போட வேண்டாம், வண்ணம் குழைக்க வேண்டாம், தூரிகை கழுவ வேண்டாம். திரைக்கே வெளிச்சம் இருப்பதால் இருட்டிலும் நிறம் தெரிந்தது. வரைந்து முடித்ததும் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார். நம் தெருவில் வாடிக்கைப் பூக்காரி காலையில் வாசலில் பூ வைத்துவிட்டுப் போவாளே, அதுபோலத்தான். என்ன, இவர் காசு வாங்கவில்லை.

நண்பருக்குப் போய்ச் சேர்ந்தது நகல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஹாக்னியின் போனில் இருந்ததும் நண்பரின் போனில் இருந்ததும் ஒன்றேதான். மூலம் என்று தனியாக எதையும் காட்ட முடியாது. ஓவியத்துக்குக் காவலும் காப்பீடும் போட்டுப் பழகிய உலகத்துக்கு இது பெரிய தலைவலி.

அந்தப் படங்களைக் கிட்டே போய்ப் பார்த்தால், விரல் தடிமன் அப்படியே தெரியும். ஓர் இதழ் என்பது ஒரே இழுப்பு. அதன் மேல் கண்ணாடிக் காகிதம் ஒட்டினாற்போல இன்னொரு நிறம் மெல்லியதாகப் படர்கிறது. பின்சுவர் திடீரென்று ஊதாவாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். எந்தக் கோடு முதலில் விழுந்தது, எதன்மேல் எது ஏறியது என்று படம் பிறந்த வரிசையைச் செயலியே மறுபடி ஓட்டிக்காட்டும். கான்வாஸில் அது அடிப்பூச்சோடு புதைந்துபோகும் ரகசியம்.

2010 அக்டோபரில் பாரிஸில், பியர் பெர்ஜே–இவ் சான் லோரான் அறக்கட்டளையில் ‘புதுப் பூக்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் இவை காட்சிக்கு வந்தன. சுவரில் சட்டமிட்ட படங்கள் இல்லை, ஐபோன்களும் ஐபேட்களும்தான். கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஹாக்னியால் புதிய படம் அனுப்ப முடிந்தது. தலைப்புக்குப் பொருத்தமாகச் சுவரில் பூ மாறியது.

பிறகு பூ கொஞ்ச காலம் தோட்டத்துக்குப் போனது. 2019இல் பிரான்சின் நார்மண்டியில் குடியேறி, 2020 ஊரடங்கு வசந்தத்தை மரம் மரமாக ஐபேடில் வரைந்தார். அந்த மார்ச்சில் அவர் வெளியிட்ட டாஃபடில் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 2021 பிப்ரவரியில் பூ மறுபடி மேசைக்கு வந்தது. மேசையருகே உட்கார்ந்திருந்தவர் கண்ணில் ஒரு ஜாடி பட, வரைந்தார். சில நாள் கழித்து அதே இடத்திலிருந்து, அதே பீங்கான் ஜாடியை இன்னொரு தடவை. கண்ணாடி ஜாடியாக இருந்தால் வெயில் தண்ணீரில் பட்டு மினுங்குமே என்று அடுத்து அதற்கு மாறினார். அங்கிருந்து ஒரு வரிசையே பிறந்தது: கட்டம் போட்ட மேசைவிரிப்பு, ஒரு ஜாடி, ஒவ்வொன்றிலும் வேறு பின்சுவர், தலைப்பில் வரைந்த தேதி.

இந்தத் தடவை பூ திரையோடு நிற்கவில்லை, தாளில் அச்சாகியது. இங்கேதான் சிக்கல். திரையில் ஒளி பின்னாலிருந்து வருகிறது. தாளில் முன்னாலிருந்து விழுகிறது. ஐபேடில் மினுங்கிய தண்ணீர் தாளில் வெறும் வெளிர்நீலமாகிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் விரிப்பின் கட்டங்கள் அவ்வளவு அழுத்தமாகவும் சுவர் அவ்வளவு கெட்டி நிறமாகவும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒளியின் வேலையைக் கோலமும் நிறமும் பார்க்கின்றன. பாதிப் படங்களில் அது பலிக்கிறது. மீதியில் பூவைவிட மேசைவிரிப்பே நினைவில் நிற்கிறது.

அச்சு என்பதால் ஒரே பூ பல இடங்களில் இருக்கலாம். 2022 நவம்பரில் லண்டன், பாரிஸ், நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் என ஐந்து ஊர்க் கலைக்கூடங்களில் இருபது பூப்படங்கள் ஒரே சமயத்தில் தொங்கின. கூடவே ஒரு பெரிய படமும் இருந்தது. பல புகைப்படங்களைக் கணினியில் இணைத்து ஹாக்னி உருவாக்கியது அது. ஒரு சுவர் நிறைய அந்த இருபது பூக்கள், இப்போது சட்டத்துக்குள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவர் ஹாக்னி. ஒரு தடவையல்ல, இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். சொந்தக் கண்காட்சிக்குத் தானே இரண்டு பார்வையாளராக வந்துவிட்ட குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு பிரிட்லிங்டன் பூக்களுக்கே. அவற்றில் திருத்தி அழகுபடுத்த நேரம் இருக்கவில்லை. சூரியன் மேலே வருவதற்குள் முடித்து அனுப்பியாக வேண்டும்.