சகனில் விலக்கப்பட்ட கை

மன்னார்க் கரையில் வலை இழுப்பதும் கருவாட்டுக்கு மீன் கீறுவதும் கைதான். கலியாண வீட்டுச் சகனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்தால், ஆறு கைகள் ஒரே சோற்றில் இறங்கும். தொழுநோயால் மடங்கிய கைக்கு அங்கே இடமிருந்ததில்லை. எந்தச் சமூகமும் இதில் விதிவிலக்கல்ல. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தலையில் அமைத்த வைத்தியசாலையும், பிற்காலத்து மட்டக்களப்பு மாந்தீவும் அந்த விலக்கலையே சட்டமாக்கின.

நோய் விரல்களை அழுகவைத்து உதிர்க்கிறது என்றே வைத்தியர்களும் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருந்தார். தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பல் ஓடத் தொடங்கிய அதே 1914இல், கொல்லிமலையில் மிசனரிப் பெற்றோருக்குப் பிறந்த டொக்டர் போல் பிராண்ட் அவர். லண்டனில் சத்திரசிகிச்சை பயின்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில், விரல்கள் மடங்கிய நோயாளி ஒருவரிடம் தன் கையை இறுகப் பற்றச் சொன்னார். பிடி வலிக்குமளவுக்கு இறுகியது. அப்படியானால் முன்கைத் தசைகள் சாகவில்லை! நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறுதசைகளே செயலிழந்திருந்தன. நலமான தசையொன்றின் நாணைப் பிரித்து, விரல்களுக்குத் திருப்பிக் கட்டினால் என்ன? 1948இல் அவ்வகைச் சத்திரசிகிச்சைகளை ஆரம்பித்தார். விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் குறைவது ஏன் என்ற கேள்வி மிஞ்சியது. துருப்பிடித்த பூட்டைத் திறந்த சிறுவனொருவன் விரல் எலும்புவரை வெட்டுண்டும் அறியாது நின்றான். தூண்டில் நூல் உள்ளங்கையை அறுக்கையில் நம்மவர் நூலை விட்டுவிடுவார். உணர்வற்றவர் இழுத்துக்கொண்டே இருப்பார். அதுதான் விடயம். இரவில் சிலரது விரல்களை எலி கடித்ததும் தெரியவந்தபின், வீடு திரும்புவோருடன் பூனையும் அனுப்பப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இப்படியொரு மருந்துச்சீட்டு வேறெங்கும் இருக்குமா!

ஆனால் கை நிமிர்ந்த சிலர் மனம் குமைந்து திரும்பி வந்தனர். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் இல்லை, வேலையும் இல்லை. தொழில் பழக்க ‘நவஜீவ நிலையம்’ உருவானது இதனாலேயே. முகம் காட்டிக்கொடுக்கிறதென்று, உதிர்ந்த புருவத்தின் இடத்தில் தலையின் மயிருள்ள தோலை ஒட்டவும் செய்தார். என் பார்வையில், நாண் மாற்றியதிலும் பெரிது இந்த இரண்டாம் வேலை. அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தவாறே இக்கைகளைச் சீர்செய்தார்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1966இல் பிராண்ட் அமெரிக்கா சென்றார், 2003இல் காலமானார். இன்று கூட்டுமருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பரவும் தன்மையை இழக்கிறது. அப்படியிருந்தும் இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இனங்காணப்படுகின்றனர். சகனில் இடம் போய்விடுமென்றஞ்சி, உணர்வற்ற தேமலைச் சட்டைக்குள் மறைத்து, விரல் மடங்கிய பின்னரே வருவோரும் அவர்களுள் உளர்.