ஊசியைத் திரும்ப அழைப்பது

என் தங்கை காலமாகி ஒரு வருஷம் முடிந்த வாரம், அவள் மகன் இடது மணிக்கட்டில் 'அம்மா' என்று பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றான். கடிந்துகொள்ளத்தான் வாயெடுத்தேன். எழுத்தைப் பார்த்ததும் வார்த்தை எழவில்லை. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. நடுவிலிருந்த மெய்யெழுத்து மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. சில நாளில் பொருக்கு உதிர்ந்தது. அங்கே மிஞ்சியது தழும்புதான்.

"அம்மா பேருன்னு சொல்லித்தானே மாமா உட்கார்ந்தேன்!" என்றான்.

அவனை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடுவதாகத்தான் உத்தேசம். கடைக்கார இளைஞன் எங்களை உட்காரவைத்துவிட்டு யந்திரத்தைப் பிரித்தான். நகத்தளவு கூட இல்லாத ஒரு சுருள் ஸ்பிரிங்கை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"தப்பு என்னோடதுதான் சார். இது தளர்ந்துபோயிருந்தது. புதுசு போடாம, இழுத்து நீட்டி இதையே மறுபடி போட்டேன். நடு எழுத்துல காலை வாரிடுச்சு. கடைசி எழுத்துக்கு வேற மிஷின் எடுத்தேன். குத்தறது மோட்டார் சார். ஊசியை வெளியே எடுக்கறது இந்த ஸ்பிரிங்தான்."

ஒப்புக்கொண்டவனோடு என்ன சண்டை? வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட, அந்தச் சின்னக் கம்பிக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருப்பது தெரிந்தது.

வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பச்சை குத்தும் யந்திரத்தின் மூதாதை ஒரு குமாஸ்தாவின் பேனா! தாமஸ் ஆல்வா எடிசன் 1876-ல் மின்சாரப் பேனாவுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பேனாவின் தலையில் சின்ன மோட்டார், அடியில் ஊசி. மோட்டாரின் சுழற்சி ஊசியின் மேலும் கீழுமான ஓட்டமாக மாறும். எழுதிக்கொண்டு போனால் காகிதத்தில் பொடிப்பொடியாகத் துளை விழும். துளைத்த காகிதத்தின்மேல் மை உருளையை ஓட்டி, ஒரு கடிதத்துக்குப் பல பிரதிகள் எடுக்கலாம். அலுவலகங்களில் அதன் ஆயுள் அதிகமில்லை. ஆனால் நியூயார்க்கில் பச்சை குத்தும் தொழில் செய்துவந்த சாமுவேல் ஓ'ரைலி, காகிதத்தைக் குத்துவது தோலையும் குத்தும் என்று கண்டார். 1891 டிசம்பர் 8-ம் தேதி அவருக்குப் பட்டயம் கிடைத்தது. எண் 4,64,801.

பிறகு வேறொரு வம்சம் கிளம்பியது. அதே நகரத்துச் சார்லி வாக்னர் 1904-லும், பெர்ஸி வாட்டர்ஸ் 1929-லும் பட்டயம் பெற்றார்கள். மின்காந்தம் இழுக்க, தகட்டு ஸ்பிரிங் மீட்க, ஊசி துடிக்கும் யந்திரங்கள் நெடுங்காலம் கோலோச்சின. சிறிய, நம்பகமான மோட்டார்கள் கிடைத்தபின் பழைய சுழல் யந்திரம் மறுபடி தலையெடுத்தது. என் மருமகன் மணிக்கட்டைத் தொட்டது அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

சுழல் யந்திரத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் மோட்டாரோடு பிணைத்த தண்டு ஊசியைத் தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். அதற்கு ஸ்பிரிங்கின் தயவு வேண்டாம். மற்றொன்றில், மையம் விலகிச் சுழலும் சக்கரம் ஊசியைக் கீழே தள்ளுவதோடு சரி. மேலே கொண்டுவருவது ஸ்பிரிங்கின் பொறுப்பு. இங்கேதான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியம் வேண்டும். அது மெலிந்திருந்தால், சக்கரத்தின் வேகத்துக்கு ஊசி ஈடுகொடுக்காது. கை நகர்ந்துவிடும், ஊசியோ இன்னும் தோலுக்குள் இருக்கும். குத்த வேண்டிய ஊசி கிழித்துவிடும். கடினமாக இருந்தாலோ, மோட்டார் அதை அமுக்கியே களைத்துச் சூடேறும், கையும் நடுங்கும். வேகம் கூடினாலும், ஊசிகளைக் கற்றையாகக் கட்டினாலும், அதற்கேற்ற பலமுள்ள ஸ்பிரிங் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்பது சோம்பேறியின் கணக்கு.

ஸ்பிரிங்கின் நியாயத்தை முதலில் கண்டு சொன்னவர் ராபர்ட் ஹூக். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்த்து இழுக்கும் என்ற விதியை 1676-ல் எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக அச்சிட்டார். 1678-ல் அவிழ்த்துக் காட்டினார். அந்த நூலுக்கு அவர் லத்தீனில் வைத்த பெயருக்கு 'மீட்கும் சக்தி' என்று பொருள். ஆனால் எல்லை தாண்டி இழுத்துவிட்டால் இந்த விதி செல்லாது. இழுத்து நீட்டிய ஸ்பிரிங் நீளத்தில் புதிதுபோல் தோன்றும். அதன் பழைய உறுதி திரும்பாது.

இன்னொரு உண்மையை ஜெர்மனியில் ரயில் அச்சுக்களைச் சோதித்த அகஸ்ட் வோலர் 19-ம் நூற்றாண்டில் நிலைநாட்டினார். ஒரே தடவையில் உலோகம் சுலபமாகத் தாங்கும் சுமைகூட, லட்சக்கணக்கான தடவை வந்துபோனால் அதை முறித்துவிடும். ஊசி விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 தடவை! அந்தக் கம்பி ஓசைப்படாமல் உழைத்து, ஓசைப்படாமல் தேய்கிறது. துருவின் சிறு குழியோ, குறடு பதிந்த கீறலோ போதும். விரிசல் அங்கிருந்து தொடங்கும். ஆகையால் மையைத் துடைத்து உலர வைக்க வேண்டும். புதிய ஸ்பிரிங்கோடு பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். குட்டையாகிவிட்டால் இரக்கம் காட்டாமல் மாற்ற வேண்டும். வேலை நடுவில் ஓசை மாறினால் கையை எடுத்துவிட வேண்டும். அன்று அவன் கையை எடுக்கவில்லை.

முன்னே தள்ளும் சக்தியைத்தான் நாம் மெச்சுகிறோம். உரிய நேரத்தில் பின்வாங்கச் செய்யும் சக்தி கெட்ட பிறகுதான் அது இருந்ததே நமக்குத் தெரிகிறது.

ஒரு மாதம் கழித்து மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். தழும்பின்மேல் திரும்பக் குத்திச் சரிசெய்து தருவதாகக் கடைக்காரன் சொன்னான். காசு வேண்டாம் என்றான். என் மருமகன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"இருக்கட்டும்" என்றான். "அம்மா கடைசி நாள்ல நானும் சரியான நேரத்துக்குத் திரும்பி வரலை."

கடைக்காரன் ஒன்றும் பேசவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்தான். அந்தப் பழைய ஸ்பிரிங்கை எடுத்து, குறட்டால் இரண்டாக நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டான்.